ஐம்பத்து நான்கு வருடம் காத்திருந்த பக்கம்

1933-ம் வருடம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நியூரெம்பெர்க் நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பையன், டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். தொழில் பழக ஓர் இடம் வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான்.

அவன் வரைந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பேஷ், பிரமாதம். அப்புறம் அரசியல் கேள்விகள் ஆரம்பிக்கும். குடும்ப விவரம் வெளியே வரும். அத்தோடு சரி. போய் வா தம்பி.

அப்படி என்ன குடும்ப விவரம்? அப்பா தொழிற்சங்கத்தில் ஈடுபட்டவர். புதிய ஆட்சிக்கு அது ஆகவில்லை. பிடித்துக்கொண்டு போய் டாஹாவ் வதைமுகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவு சாத்தப்பட்டது. பையனுக்கோ எலெக்ட்ரிகல் எஞ்சினீயர் ஆகவேண்டும் என்பதுதான் ஆசை. கை நன்றாக வரைகிறதே, அச்சுத் தொழில் பக்கம் போய்ப் பார் என்று வாத்தியார்கள்தான் திருப்பிவிட்டார்கள்.

பத்து மாதம் அலைந்தான். டைரக்டரியில் கடைசியாக இருந்த கம்பெனிக்குப் போனபோது ஓர் அதிசயம். அவர்கள் அரசியலே கேட்கவில்லை! ஆனால், அவன் தேடிப்போன லித்தோ வேலை அங்கே இல்லை. படங்களைத் திருத்தி மெருகேற்றும் 'ரீடச்சிங்' வேலைதான் இருந்தது. சரி, அதையாவது கற்றுக்கொள் என்று சேர்த்துக்கொண்டார்கள். 1934 பிப்ரவரி.

பையனின் பெயர் ஹெர்மன் ஸாப்ஃப். ஜெர்மன்காரர்கள் 'ட்ஸாப்ஃப்' என்பார்கள். நமக்கு ஸாப்ஃப் போதும். அதுவே நாக்கைக் கடிக்கிறது.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய கையெழுத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கொடி போல வளைந்து, மேலே ஏறும்போது அம்பு மாதிரி ஏறி, கீழே இறங்கும்போது அடுத்த வரி வரைக்கும் வாலை வீசும் ஒரு சாய்வான ஆங்கில எழுத்து. கல்யாணப் பத்திரிகையில், விருதுச் சான்றிதழில், ஒயின் பாட்டிலில், அழகு நிலையத்தின் பெயர்ப் பலகையில் எல்லாம் அது உண்டு. 'ஸாப்ஃபினோ' என்று பெயர். விற்பனைக்கு வந்தது 1998-ல். ஆனால், அதற்கு மூலமான பக்கம் எழுதப்பட்டது 1944-ல். நடுவில் ஐம்பத்து நான்கு வருடம் அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஸாப்ஃப் பிறந்தது 1918 நவம்பர் 8. மூன்றாம் நாள் முதல் உலகப் போர் முடிந்தது. தோற்ற நாடு, பசி, விஷக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலில் உடன் பிறந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். இத்தனைக்கும் நடுவே மனிதருக்கு எழுத்துப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்திருக்கிறது. அண்ணன், தம்பி இருவரும் யாருக்கும் புரியாத ரகசிய எழுத்து ஒன்றைக் கண்டுபிடித்து, அதில்தான் சேதி அனுப்பிக்கொள்வார்களாம்.

1935-ல் நியூரெம்பெர்க்கில் ஒரு கண்காட்சி. முந்தின வருடம் காலமான ருடால்ஃப் கோக் என்ற எழுத்துக் கலைஞரின் நினைவாக நடத்தியது. போய்ப் பார்த்தான் பையன். அங்கேயே இரண்டு புத்தகம் வாங்கினான். ஒன்று கோக் எழுதியது, இன்னொன்று இங்கிலாந்தின் எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுதியது. குரு கிடையாது, வகுப்பு கிடையாது. பட்டைப் பேனாவும் இந்த இரண்டு புத்தகங்களும்தான். ராத்திரி ராத்திரியாக எழுதி எழுதிப் பழகினான். நகர நூலகத்தில் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளையும் விடவில்லை.

1938-ல் பயிற்சி முடிந்ததும் ஃப்ராங்ஃபர்ட் போனார். முதல் அச்செழுத்தை வடிவமைத்தார். தலை நிமிர்கிற நேரத்தில் வந்தது யுத்தம்.

முதலில், 1939 ஏப்ரலில், பிரான்ஸ் எல்லையில் அரண் கட்டும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சில வாரங்களிலேயே இதயக் கோளாறு. மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தார்கள். முகாமின் பதிவேடுகள், விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் 'ஃப்ராக்டூர்' என்ற பழைய ஜெர்மன் முறுக்கெழுத்தில் எழுதவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஃப்ராக்டூர்தான் ஜெர்மன் இனத்தின் அசல் எழுத்து என்று நாஜிகள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். திடீரென்று 1941 ஜனவரியில், அது யூத எழுத்து, யாரும் பயன்படுத்தக்கூடாது என்று ஹிட்லரின் வலக்கரமான மார்ட்டின் போர்மன் சுற்றறிக்கை விட்டார். சரித்திர ரீதியாக அது அபாண்டம். அதைவிட வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கை அடிக்கப்பட்ட தாளின் தலைப்பே ஃப்ராக்டூரில்தான் அச்சாகியிருந்தது!

1942-ல் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை பீரங்கிப் படை. அங்கே ஸாப்ஃப் காட்டிய வீரம் கொஞ்சநஞ்சமல்ல. பயிற்சியில் இடது எது, வலது எது என்று குழம்புவார். துப்பாக்கியைத் தொடவே தயங்குவார். அதிகாரிகள் கொஞ்ச நாள் பார்த்தார்கள், கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கே? வரைபடப் பிரிவுக்கு. பிரான்ஸின் போர்டோ நகரத்தில் உட்கார்ந்து ஸ்பெயின் தேசத்து ரயில் பாதைகளை வரைந்துகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்து எழுதுவாராம். அப்படியொரு கண். அந்தக் கண்தான் அவரைத் திரும்ப முனைக்கு அனுப்பாமல் காப்பாற்றியது என்றால் மிகையில்லை.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தனக்காக எழுதினார். பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கெட்ச் புத்தகம். 1944-ல் அதில் ஒரு பக்கத்தை நிரப்பினார். எந்த அச்சகத்துக்காகவும் இல்லை. கை எப்படிப் போகிறதோ அப்படியே விட்டு எழுதிய பக்கம். ஐரோப்பா முழுக்க வெடித்துச் சிதறிக்கொண்டிருந்த வருடம் அது. அந்தப் பக்கத்தில் அதன் சுவடே கிடையாது.

போர் முடிந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியானார். ட்யூபிங்கனில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வைத்தார்கள். அவருடைய எழுத்தையும் படங்களையும் பார்த்து மரியாதையாக நடத்தினார்கள். உடல்நிலையும் சரியில்லை, நாலே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குண்டுவீச்சில் பாதி மண்மேடாகிக் கிடந்தது நியூரெம்பெர்க். ஸ்கெட்ச் புத்தகம் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

அதுதான் வேலையும் வாங்கிக் கொடுத்தது. 1947-ல் ஃப்ராங்ஃபர்ட்டின் ஸ்டெம்பல் எழுத்து வார்ப்பகம் அவரைத் தன் அச்சுக்கூடத்தின் கலைத் தலைவராக எடுத்துக்கொண்டது. சர்டிஃபிகேட் கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. போர்க்காலத்தில் வரைந்ததைக் காட்டு என்றார்கள். காட்டினார். வேலை தயார்.

1948-ல் அங்கே, தன் கையெழுத்தின் அந்த வீச்சை அப்படியே ஓர் அச்செழுத்தாக்கிப் பார்க்க முயன்றார் ஸாப்ஃப். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று புரிய, பழைய அச்சுக்கூடத்துக்குள் ஒரு நடை போய்வர வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சின்ன ஈயக் கட்டை. கட்டையின் தலையில் எழுத்து புடைத்துக்கொண்டு இருக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவார். அதாவது, எழுத்து தன் கட்டைக்குள்தான் குடித்தனம் நடத்தவேண்டும். கையெழுத்தோ அப்படி இல்லை. கீழே இறங்கும் ஒரு வால் பக்கத்து மூன்று எழுத்துக்கு அடியில் ஓடும். மேலே ஏறும் ஒரு கொக்கி அடுத்த எழுத்துக்குக் குடை பிடிக்கும். ஈயத்தில் அதைச் செய்தால் வால் கட்டைக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். மிஷின் நாலு அமுக்கு அமுக்கினால் பட்டென்று ஒடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் ஒரே எழுத்தைப் பத்துத் தடவை எழுதினால் பத்தும் பத்து மாதிரி இருக்கும். முன்னால் என்ன எழுத்து, பின்னால் என்ன எழுத்து என்பதைப் பொறுத்துக் கை தானாக வளைந்து கொடுக்கிறது. ஈயத்துக்கு அந்த விவரம் கிடையாது. ஆயிரம் தடவை அடித்தாலும் ஒரே முகம்தான்.

இது ஸாப்ஃபின் பிரச்னை மட்டுமல்ல, அச்சுக் கலையின் ஐந்நூறு வருடப் பிரச்னை. கூட்டன்பர்க்கே தன் பைபிளைக் கையெழுத்துப் பிரதி மாதிரி காட்ட ஆசைப்பட்டு, ஒரே எழுத்துக்குப் பல அகலம், கூட்டெழுத்து என்று சுமார் 290 அச்சுகளைச் செய்தார். 1557-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ராபர்ட் கிரான்ஜோன் என்பவர், பிரெஞ்சுக்காரர்கள் தினசரி எழுதும் கையெழுத்தையே ஈயத்தில் வார்த்தார். அழகோ அழகு. ஆனால், அச்சு உலகின் அன்றாட எழுத்தாக அது நிலைக்கவே இல்லை. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேறு வழி பிடித்தார்கள். ஈயமே வேண்டாம், முழுப் பக்கத்தையும் படம் மாதிரி செப்புத் தகட்டில் செதுக்கிவிடு! ஜார்ஜ் பிக்காம் 1733-லிருந்து 1741 வரை இப்படி ஒரு கையெழுத்துக் களஞ்சியத்தையே பகுதி பகுதியாக வெளியிட்டார். சாய்வாக, மெலிசும் பருமனுமாக ஓடும் அந்த எழுத்துக்கு இன்றைக்கும் 'காப்பர்ப்ளேட்' என்றுதான் பெயர். சுப காரியம் என்றால் சாய்வெழுத்து என்கிற ருசி பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், செதுக்கிய பக்கத்தைக் கலைத்து வேறு வார்த்தை அடுக்க முடியாதே. அது படம், அச்செழுத்து அல்ல.

ஸாப்ஃப் என்ன செய்தார்? 1950-களின் தொடக்கத்தில் 'விர்டுவோசா' என்றொரு சாய்வெழுத்து அவர் பெயரில் வந்தது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால், கட்டைக்குள் அடங்கிய பிள்ளை, கைகட்டி நிற்கிற அழகு. 1944-ம் வருடத்துப் பக்கத்தை வெட்டிக் குறுக்கி ஈயத்துக்குள் திணித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு அதுதான்.

வேறு வேலை என்றால் சாதாரண வேலையா? 1950-ல் 'பாலட்டினோ'. 1958-ல் 'ஆப்டிமா'. இரண்டும் உலகப் புகழ். வாஷிங்டனில் வியட்நாம் போரில் மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் பொறித்திருக்கிறார்களே, அந்த எழுத்து ஆப்டிமாதான்.

புகழ் வந்தது. பணம்? அங்கேதான் இடிக்கிறது. பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் பார்க்கும் புத்தி போகாது, மன்னித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி எழுத்துருவின் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. பிற்பாடு கம்ப்யூட்டர் நிரலுக்கும் கிடைத்தது. எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. பாலட்டினோவை அச்சாகப் பார்த்து வரைந்து, வேறு பெயர் சூட்டி விற்றால் கேட்க நாதியில்லை. விற்றார்கள். ஒருவர், இருவர் அல்ல. சர்வதேச அச்செழுத்துச் சங்கத்தின் முக்கிய உறுப்பினர்களே இந்தத் திருட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள் என்று வெறுத்துப்போய், 1993-ல் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார் ஸாப்ஃப். எழுபத்து நாலு வயதில் ராஜினாமாக் கடிதம் எழுதுவதென்றால் மனசு எவ்வளவு கசந்திருக்கவேண்டும்!

இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர். 1960-களிலேயே, இனி எழுத்து இந்த மிஷினில்தான் பிறக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஜெர்மனியில் யாரும் சட்டை செய்யவில்லை. அமெரிக்காவில் காது கொடுத்தார்கள். 1964-ல் ஹார்வர்டில் பேசினார். டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலையே கொடுத்தது. வீட்டம்மா வரமாட்டேன் என்றுவிட்டார், வேலை போயிற்று. (அந்த அம்மாள் குட்ரூன் ஸாப்ஃப்-ஃபோன் ஹெஸ்ஸேயும் லேசுப்பட்டவர் அல்ல. தானே பெரிய எழுத்துரு வடிவமைப்பாளர்.) கடைசியில் 1977 முதல் பத்து வருடம், டார்ம்ஸ்டாட் வீட்டுக்கும் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டருக்கும் விமானத்தில் பறந்து பறந்து, கம்ப்யூட்டரில் எழுத்தை எப்படிக் கோப்பது என்று பாடம் நடத்தினார். எலெக்ட்ரிகல் எஞ்சினீயர் ஆகவிடாமல் தடுத்தார்களே, அந்தப் பையன் ஒரு சுற்றுச் சுற்றி மிஷினிடமே வந்து சேர்ந்துவிட்டான்.

1980-களின் தொடக்கத்தில் கணித மேதை டொனால்ட் குனூத்துடன் சேர்ந்து அமெரிக்கக் கணிதச் சங்கத்துக்காக ஓர் எழுத்துருவைச் செய்தார். அந்தக் குழுவில் டேவிட் சீகல் என்றொரு ஸ்டான்ஃபோர்ட் மாணவர் இருந்தார். அவருக்குப் படிப்பு முடிந்த பிறகு ஒரு யோசனை வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வடிவம் அல்ல, பல வடிவம் கொடுப்போம். எந்த இடத்தில் எது என்பதை மிஷினே தீர்மானிக்கட்டும். உங்கள் கையெழுத்து ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாமா?

சீகல் கேட்டது ஏற்கெனவே ஒரு வெளியீட்டில் அச்சாகியிருந்த வேறு ஒரு கையெழுத்தை. ஸாப்ஃபுக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வயதில் இத்தனை சிக்கலான வேலையை ஆரம்பிப்பதா என்றும் தயக்கம். அப்போதுதான் அந்த 1944-ம் வருடத்துப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

வேலை ஆரம்பமானது. சீகல், பாஸ்டனிலிருந்து கினோ லீ என்ற புரோகிராமரையும் சேர்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கனியப்போகிற நேரம். டார்ம்ஸ்டாட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. காதலி தன்னை விட்டுப் போய்விட்டாள், இனி எதிலும் எனக்கு நாட்டமில்லை என்று எழுதியிருந்தார் சீகல். இதை ஸாப்ஃபே தன் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். உலகப் போரைத் தாண்டி வந்த பக்கம், ஒரு காதல் தோல்வியில் தட்டி விழுந்தது!

அந்த இளைஞரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் மெல்ல எழுந்து வேறு துறைக்குப் போனார், இணைய வடிவமைப்பில் பெரிய பெயரும் எடுத்தார். கிழவர்தான் பாவம், பாதியில் நின்ற வேலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லைனோடைப் நிறுவனத்தின் கதவைத் தட்டச் சில காலம் பிடித்தது. நல்லவேளை, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேலையைத் திரும்ப ஒழுங்குபடுத்தி, நான்கு முழு எழுத்துத் தொகுதிகள், கூட்டெழுத்துகள், அலங்காரக் கோடுகள், சுழிகள் என்று 1998-ல் வெளியிட்டார்கள். எழுதியவருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது.

அதிலும் ஒரு குறை இருந்தது. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை வடிவமைப்பாளர்தான் கையால் பொறுக்கிப் போடவேண்டும். அந்தக் குறையும் சீக்கிரமே தீர்ந்தது. ஆப்பிள் கம்பெனி தன் மேக் ஓஎஸ் எக்ஸில் ஸாப்ஃபினோவைச் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பதிப்பில் ஆயிரத்துக்கும் அதிகமான வடிவங்கள். அடிக்க அடிக்க, பக்கத்து எழுத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தும் தன்னை மாற்றிக்கொள்ளும். இடம் இருந்தால் வாலை வீசும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வால் இருந்தால் அடக்கி வாசிக்கும். கூட்டன்பர்க் 290 அச்சோடு முடித்துக்கொண்ட ஆசையின் மிச்சம் இது.

இலவசமாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கண்ட இடத்தில் கண்டபடி போட்டார்கள். இரண்டு வரி எழுதவேண்டிய எழுத்தில் இரண்டு பக்கம் அடித்தார்கள். முழுக்கப் பெரிய எழுத்திலேயே அடித்து, ஒன்றோடொன்று வால் சிக்கி, படிக்கவே முடியாத பலகைகளை எல்லாம் பார்க்கலாம். வடிவமைப்பாளர்கள் பலர் இதைக் கண்டாலே முகம் சுளிப்பது அதனால்தான். அது எழுத்தின் குற்றம் இல்லை என்பது என் கட்சி. தினமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினால் புடவை என்ன செய்யும்?

ஸாப்ஃப் அதோடும் நிற்கவில்லை. ஜப்பானிய வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷியோடு உட்கார்ந்து, 2003-ல் 'ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ரா' என்று விரிவாக்கிய பதிப்பைக் கொண்டுவந்தார். தடித்த எழுத்து வேண்டும் என்பவர்களுக்காக 'ஃபோர்டே' என்றொரு வகையும் சேர்ந்தது. வயது எண்பத்து நாலு. 2015 ஜூன் 4-ம் தேதி டார்ம்ஸ்டாட்டில் காலமானபோது தொண்ணூற்றாறு.

மேக் கம்ப்யூட்டர் கைக்குக் கிடைத்தால் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஸாப்ஃபினோவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதன் பெயரையே ஆங்கிலத்தில் அடியுங்கள். மொத்தம் ஏழு எழுத்து. ஏழாவதைத் தட்டியதும் ஏழும் கலைந்து, ஒரே இழுப்பில் எழுதிய மாதிரி ஒற்றை வடிவமாக மாறி நிற்கும்.